ஏழுமலை அண்ணன் தப்பு விட்ட வசனம்

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நம்ம ஊர்ப் பெண்தான். மாரிகுப்பத்தில் பிறந்து, இப்போது அங்கே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நாடகம் போடுகிறார்களாம்.

"ஆன்ட்டி, 'நிலைக்கதவு' நாடகத்த நாங்க எடுத்து பண்றோம். நீங்கதான அதுல ஃபர்ஸ்ட் அம்மா? கடைசில பையன் பெட்டிய தூக்கினு கெளம்பறப்ப அப்பா 'சாப்ட்டியா?'ன்னு கேக்கறாரே, அவன் பதிலே சொல்லாம போறானே, அந்த லைன் செம்ம ஆன்ட்டி. அத எப்படி யோசிச்சி எழுதனாங்க?"

"யாரும் யோசிக்கலம்மா. அது தப்பா வந்த வசனம்" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முழங்கால் போனதால் மேடையை விட்டேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அது காரணமில்லை.

என் பெயர் சரோஜா. நடிகை என்று சொன்னால் எங்கள் சுரங்கத்து லைன் வீட்டு வரிசையில் இருக்கிற பெண்களே உதட்டைச் சுழிப்பார்கள். அப்பா சுரங்கத்தில் கல் அள்ளியவர், சீக்கிரமே நெஞ்சு அடைத்துப் படுத்துவிட்டார். ஹார்மோனியக்காரர் ஒருவர் என்னைக் கூட்டிப் போய் மேடையில் நிறுத்தினார். அவர் சொல்லிக் கொடுத்தது, கத்திப் பேசு, முதுகைக் காட்டாதே, இரண்டும்தான். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

அந்த நாளில் தங்க வயலில் நாடகத்துக்குப் பஞ்சமே கிடையாது. சுரங்கத்துக்காரர்கள் போடுவார்கள், ஃபேக்டரிக்காரர்கள் போடுவார்கள், மாரியம்மன் திருவிழாவுக்கு ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு போடுவார்கள். ஆண்கள் எல்லாம் ஷிப்டு முடித்துவிட்டு ஆசைக்கு நடிக்கிறவர்கள். அவரவர் வீட்டுப் பெண்களை மட்டும் மேடை ஏற்ற மாட்டார்கள், மானம் போய்விடும். அதற்கு என்னை மாதிரி ஒருத்தியை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரு திருவிழாவில் பொண்டாட்டி, அடுத்ததில் அக்கா, அதற்கடுத்ததில் அம்மா. என்னைவிட மூத்த ஹீரோவைக் கட்டிக்கொண்டு "மகனே" என்று கதறியிருக்கிறேன். அவர் தொந்தி இடிக்கும், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதை அடக்கினால் பார்க்கிறவர்களுக்கு அழுகை மாதிரி இருக்கும். கைதட்டுவார்கள்.

அப்படிப் பல குழுக்களில் நடித்தேன். ஒத்திகை என்றால் டீயும் பீடியும் பழைய கதையும்தான். ஏழுமலை அண்ணன் குழு ஒன்றுதான் வேறு மாதிரி.

அண்ணன் நந்திதுர்க் சுரங்கத்தில் பெல்மேன். அதாவது, பூமிக்கடியில் கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், ஆட்களை ஏற்றிவிட்டு, மேலே இருக்கிறவனுக்கு மணி அடித்துச் சொல்கிறவர். கேஜில் மனுஷர் ஏறியிருந்தால் மூன்று மணி. மேலேயிருந்து அதே மூன்று திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கேஜ் அசையாது. அடிக்கும்போது எண்ணிக்கை பிசகிவிட்டால் பாதியில் ஒட்டுப்போட்டுத் திருத்தக் கூடாது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். பிசகினால் மேலே இருக்கிறவன் வேறு எதையோ நினைத்துக் கேஜை விட்டுவிடுவான், உள்ளே இருக்கிற உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒத்திகையையும் அவர் அப்படியேதான் நடத்தினார். ஒத்திகை நடக்கிற கூடத்து மூலையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், பக்கத்தில் அடிக்க ஒரு போல்ட்டு. அண்ணன் உட்கார மாட்டார். சுவரில் இடது கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாம் நடிப்பதைப் பார்க்கவே மாட்டார், கேட்பார். யாராவது ஒரு சொல்லை விழுங்கினால் போதும், டங் என்று ஒரு அடி. கை தூக்கினவன் தூக்கின கையோடு நிற்க வேண்டும். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கவும் மாட்டார். "முதல்ல இருந்து" என்பார். காட்சியின் முதல் வசனத்துக்கே போக வேண்டும். கடைசி வரியில் தப்பு வந்தாலும் அதேதான். கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்ற ஒருவரைக்கூட அந்தக் காட்சி ஒழுங்காக முடியும்வரை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் எத்தனையோ தடவை ஆத்திரம் வந்திருக்கிறது. ஆனால் அவர் குழுவில் நடித்த நாடகங்களின் வசனங்கள் மட்டும்தான் இன்னும் என் நாக்கில் இருக்கின்றன.

சுரங்கத்தை மூடினார்கள். அண்ணன் வீட்டோடு உட்கார்ந்தார். ஒரே மகன் பாஸ்கருக்குப் புனேவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, பயிற்சிக்காகப் போயிருந்தான். அந்தச் சமயத்தில்தான் அண்ணி பூங்காவனம் காய்ச்சலில் படுத்தார். நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. பையனுக்குச் சொல்லுங்கள் என்று லைனே சொன்னது. அண்ணன் கேட்கவில்லை. பாதியில் வந்தால் வேலை போய்விடும், வீட்டில் மிச்சமிருப்பது அந்த ஒரு வேலைதான் என்று அவரே தீர்மானம் செய்துகொண்டார். யாரையும் சொல்லவிடவும் இல்லை. அண்ணி "பாஸ்கர், பாஸ்கர்" என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தது பங்காளி மகன். எல்லாம் முடிந்த பிறகுதான் பாஸ்கருக்குத் தெரிந்தது.

அவன் வந்தான். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஊர்ல எல்லாருக்கும் மணி அடிச்சியே, எனக்கு அடிக்கலயே, ஏம்பா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். அவன் வேலையை மாற்றிக்கொண்டு பெங்களூருக்கு வந்தான், தினமும் காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பினான், கல்யாணம்கூட ஆனது. அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், பேச்சு மட்டும் இல்லை. அந்தக் குச்சு வீட்டில் இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடப்பதே ஒரு வித்தை. நடுவில் மருமகள்தான் இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் கொண்டு போவாள்.

சில வருஷம் கழித்து பாஸ்கர் 'நிலைக்கதவு' எழுதினான். பெங்களூரில் நவீன நாடகங்களைப் பார்த்துப் பழகியிருந்தான். ராஜா இல்லை, பாட்டு இல்லை, படுதா இல்லை. ஒரு வீடு, ஒரு அப்பா, ஒரு மகன், நடுவில் ஒரு அம்மா. சுரங்க வேலை போன பிறகும் வீட்டில் தன் சொல்தான் என்று நிற்கிற அப்பா. சம்பாதிக்கிற நான் ஏன் கேட்க வேண்டும் என்கிற மகன். யார் பெரியவன் என்கிற சண்டை முற்றி, மகன் பெட்டியோடு கிளம்புவதில் முடியும்.

படித்ததும் பாஸ்கரைத் தேடிப் போனேன். "இன்னாடா இது, ஒங்க ஊட்டு சண்டைய மேடைக்கு இட்டுனு வர?" என்றேன்.

"நாடகம்தான்க்கா. அவர்கிட்ட குடுங்க" என்றான்.

கொடுத்தேன். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லா எழுதிக்கறான். அப்பனா நானே நிக்கறன். டைரக்சன் அவனே பண்ணட்டும். ஆனா மணி என்னுது, அத மட்டும் சொல்லிடு" என்றார். இத்தனை காலம் தன் கையில் வைத்திருந்த குழுவை அவர் அப்படித்தான் விட்டுக்கொடுத்தார், அதிலும் பாதியை.

கடைசிக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. மகன் வேலை முடிந்து வீட்டுக்குள் வருவான். அப்பா, "சாப்ட்டியா?" என்று கேட்பார். அது முதல் வசனம். அவன் "ஆச்சி" என்பான். அங்கிருந்து பேச்சு தடித்துத் தடித்து, மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு "நான் கெளம்பறன்பா" என்பான். அப்பா, "போ. திரும்பி பாக்காம போ" என்பார். விளக்கு அணையும்.

அண்ணி இருந்த காலத்தில் மகன் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் தினமும் கேட்ட கேள்வி அந்த "சாப்ட்டியா?"தான். பையன் அதைக் கொண்டுவந்து அப்படியே எழுதி வைத்திருந்தான்.

முதல் நாள் ஒத்திகை. நான் காலிப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு நடுவில் நிற்கிறேன். பாஸ்கர் உள்ளே வருகிறான். அண்ணன் அவனைப் பார்த்து "சாப்ட்டியா?" என்றார்.

பாஸ்கர் அப்படியே நின்றான். அப்புறம்தான் "ஆச்சி" என்றான். அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ராத்திரிதோறும் கூடத்தில் சண்டை போட்டார்கள். அவன் எழுதிய வசனத்தில் அவரைக் குத்துவான், அவர் அவன் எழுதிக் கொடுத்த வசனத்திலேயே திருப்பிக் குத்துவார். ஒத்திகை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரே வீட்டுக்குத் தனித்தனியாக நடந்து போவார்கள். முன்னால் அண்ணன், ரொம்பப் பின்னால் மகன்.

நாடகம் நெருங்க நெருங்கத்தான் அந்தத் தப்பு ஆரம்பித்தது. பாஸ்கர் "நான் கெளம்பறன்பா" என்பான். அண்ணன் "போ" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "சாப்ட்டியா?" என்பார். காட்சியின் முதல் வசனம் வாய் தவறி வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அவரே போய் டங் என்று அடித்து, "தப்பு. முதல்ல இருந்து" என்றார். முதலிலிருந்து பேசினோம். கடைசியில் வந்து மறுபடியும் "சாப்ட்டியா?". மறுபடியும் டங். அன்றைக்கு நடுராத்திரிவரை அதே காட்சி. மறுநாளும் அதே கூத்து. குழுவில் இருந்தவர்கள் காதோடு காதாகப் பேச ஆரம்பித்தார்கள், பெரியவருக்கு மூளை கழன்றுகொண்டு வருகிறது என்று.

எனக்கு மட்டும் சந்தேகம். மூளை கழன்றவர் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஒரே வசனத்தையா தவறவிடுவார்? ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு நேராகவே கேட்டேன்.

"அண்ணா, உங்களுக்கு மறதியா?"

"எனக்கா? சுரங்கத்துல எந்த லெவல்ல எவன் எறங்கனான்னு இன்னிக்கும் சொல்லுவம்மா."

"அப்ப ஏன் அந்த எடத்துல தப்பு உடறீங்க?"

அவர் போல்ட்டைத் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். "தப்பு உட்டா முதல்ல இருந்து பேசுவான் இல்ல" என்றார்.

நான் விடவில்லை. "அத ஊட்டுல கேக்கறதுக்கு இன்னா? ஒரு வாட்டி 'சாப்ட்டியாடா'ன்னு கேட்டா வாய் வெந்தா பூடும்?"

"கேட்டு, அவன் பதில் சொல்லலன்னா?" என்றார். "இங்க சொல்லியே ஆவணும். எழுதி வெச்சிக்குது. நீ அவன்கிட்ட போய் ஒளறி வெக்காத."

நான் உளறினேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. மறுநாள் பாஸ்கரை ரயிலடியிலேயே பிடித்து நிறுத்தி, "அவருக்கு மறதியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ பேசறத கேக்கறதுக்குத்தான் தப்பு உடறாரு" என்றேன்.

அவன் முகம் மாறவே இல்லை. "தெரியும்க்கா" என்றான்.

"தெரியுமா?"

"மொத நாளே தெரிஞ்சிடுச்சி. அவரு கேக்க வேண்டியது அது இல்லக்கா. 'ஒங்கம்மா சாவறத ஒன்கிட்ட மறைச்சிட்டேன்டா'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். ஊட்டுல சொல்லட்டும். மேடையில சொன்னா அது வசனம்." அப்புறம் சொன்னான். "இங்க ஒரு ஷோ அவரு பண்ணட்டும். பெங்களூருக்கு வேற ஆள் போடப்போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அறைந்திருப்பேன். மேடையில் எத்தனையோ பேருக்கு அம்மாவாக இருந்து அறைந்திருக்கிறேன், அன்றைக்கு உண்மையாக அறைய வேண்டிய இடத்தில் கை எழவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் காரணம். அண்ணி கடைசியாகக் கூப்பிட்ட குரல் என் காதிலும் இருந்தது.

நாடகம் நந்திதுர்க் பக்கத்துக் கூடத்தில் நடந்தது. பெஞ்சு போதாமல் சுவரோரம் நின்றார்கள். பாதிப் பேர் பழைய சுரங்கத்து ஆட்கள். சண்டை வசனங்களுக்கு ஒருவரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. பாஸ்கர் பெட்டியைத் தூக்கினான். "நான் கெளம்பறன்பா."

மேடையில் மணி இல்லை. நாடகத்தன்று முதலிலிருந்து போக வழியும் இல்லை. அது அண்ணனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர் மகன் முகத்தை நேராகப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.

இந்தத் தடவை அவர் குரல் வேறு. ஒத்திகையில் கேட்ட குரல் இல்லை, அண்ணி இருந்த வீட்டில் கேட்ட குரல். பாஸ்கர் "ஆச்சி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாடகம் கெட்டுப்போயிருக்கும், கெட்டுப்போகட்டுமே. அவன் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பிறகு பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

விளக்கு அணைந்தது. கூடமே இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டினார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். "இன்னாமா எழுதிக்கறான்பா!" என்று பாஸ்கரைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் இருட்டில் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு அவர் தனியாகத்தான் நடந்தார், பின்னால் யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் பாஸ்கர் பெண்டாட்டியோடு பெங்களூருக்கே குடிபோய்விட்டான்.

அங்கேயும் 'நிலைக்கதவு' நடந்தது. நானும் போனேன், நடிப்பு எனக்குச் சோறு. அப்பா வேஷத்துக்கு ஒரு பேங்க் ஆபீசர், நல்ல குரல், நல்ல மனுஷன். பாஸ்கர் கடைசி வரியை மாற்றி எழுதியிருந்தான். "போ. திரும்பி பாக்காம போ" போய்விட்டது, அந்த இடத்தில் "சாப்ட்டியா?" வந்திருந்தது. அப்பன் தவித்துப் போய்க் கேட்டதை எடுத்து நாடகத்துக்கு வைத்துக்கொண்டு, அப்பனை மட்டும் வெளியே விட்டுவிட்டான். ஊருக்கு ஊர் அந்த வரிக்குக் கைதட்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு மட்டும் அது தப்பாகவே கேட்டது.

அண்ணனுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. சுரங்கத்துத் தூசி எங்கள் ஊரில் யாரையும் சும்மா விட்டதில்லை. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒருநாள் மூச்சு ரொம்ப இழுத்தது. பாஸ்கருக்குச் சொல்கிறேன் என்றேன்.

"வாணாம். அவனுக்கு வேலை இருக்கும்" என்றார்.

வந்தது எனக்கு ஆத்திரம். "அன்னிக்கி அடிக்காத மணிய இன்னிக்கும் அடிக்க மாட்டீங்களா? உங்களுக்கு இன்னா தெரியும் அவன் வேலையப்பத்தி?" என்று கத்திவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே போன் போட்டேன். அவர் தடுக்கவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ரயிலில் பாஸ்கர் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அடுப்படி நிலையில் நின்றேன், நாடகத்தில் நிற்கிற அதே இடம். அண்ணன் அவனைப் பார்த்தார். அவனும் பார்த்தான். அவர் கேட்பார் என்று அவன் காத்திருந்தான். எனக்குத் தெரிந்தது, முதல் வசனம் அவருடையதல்லவா. அவர் கேட்கவில்லை. கேட்கத் திராணி இல்லையோ, மேடையில் கேட்டதே போதும் என்று நினைத்தாரோ.

கடைசியில் பாஸ்கர், வசனம் சொல்கிற மாதிரியே, மெல்லிய குரலில் சொன்னான். "நான் கெளம்பறன்பா."

அவன் கிளம்ப எழுந்திருக்கவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எந்தத் தப்புக்காக அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். இருமல் இல்லை, திக்கல் இல்லை. ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சொன்னார்.

"போ. திரும்பி பாக்காம போ."

அவன் முதலில் எழுதிக் கொடுத்த வசனம். அந்தத் தப்பு ஆரம்பித்த பிறகு ஒருதரம்கூட அவர் சரியாகச் சொல்லாதது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கெளம்பறன்பா" என்றான் பாஸ்கர் மறுபடியும். "நான் கெளம்பறன்பா." அண்ணனின் மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்கர் என் பக்கம் திரும்பினான். மேடையில் எத்தனையோ பேரை நான் பெற்றெடுத்திருக்கிறேன், அப்படி ஒரு முகத்தை எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

"அக்கா, தப்பா சொல்லச் சொல்லுக்கா" என்றான்.